சி++ நிரலுக்குள் பதித்த லுவா: அறிகுறி வாரியாகப் பழுது பார்த்தல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் அரிசி ஆலைகள் சிலவற்றில் தராசை வாசித்துப் பற்றுச்சீட்டு அடிக்கும் சி++ நிரல் ஒன்றைப் பராமரிப்பது எங்கள் வேலை. கொள்வனவு விலையும் ஈரப்பதன் கழிவும் சாக்குக் கழிவும் போகத்துக்குப் போகம், சில ஆலைகளில் கிழமைக்குக் கிழமை, மாறுவதால் அந்தக் கணக்கை மட்டும் லுவா என்ற சிறு நிரல்மொழியில் ஸ்கிரிப்ட்டாக வெளியே வைத்து, அதை ஓட்டும் லுவா இன்டர்பிரிட்டரைச் சி++ நிரலுக்குள் பதித்திருக்கிறோம். அந்தச் சி++ நிரலையே இனித் தாய் நிரல் என்கிறேன். காலபோக அறுவடை இறங்கும் மாசி, பங்குனியில் உழவு இயந்திரங்கள் நெல் மூடைகளுடன் வாசலில் வரிசையாக நிற்கும்போது இந்த நிரல் நின்றுபோனால், வெயிலில் காத்திருப்பவர் விவசாயிதான். ஆகவே திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை எழுதி வைக்கிறேன். 2020இல் வெளிவந்த லுவா 5.4ஐ அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். பழைய பதிப்புகள் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## அறிகுறி எதுவானாலும் முதலில் செய்யவேண்டியவை

லுவாவை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பிழையைப் பிடித்துத் திருப்பித்தரும் லுவா_பிகால் பயன்பட வேண்டும்; அதற்குக் கொடுக்கும் பிழைக் கையாளிக்குள், அழைப்பு வரிசையைக் காட்டும் லுவாஎல்_ட்ரேஸ்பேக் அழைக்கப்பட்டு, அதன் வெளியீடு பதிவுக் கோப்பில் எழுதப்பட வேண்டும். பிகால் திரும்பி வந்த பிறகு ட்ரேஸ்பேக் கேட்டால் பயனில்லை, ஏனெனில் பிழை நடந்த அழைப்பு வரிசை அதற்குள் கலைந்துவிடும். அடுத்ததாக, ஒரு பற்றுச்சீட்டுக் கணக்கின் முன்னும் பின்னும் லுவா_கெட்டாப் தரும் எண்ணைப் பதிவு செய்யுங்கள். தாய் நிரலும் லுவாவும் மதிப்புகளைப் பரிமாறும் ஸ்டாக்கில் எத்தனை மதிப்புகள் உள்ளன என்பதே அந்த எண். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். மூன்றாவதாக, லுவா மூலத்தை லுவா_யூஸ்_ஏபிஐசெக் என்ற வரையறையுடன் கம்பைல் செய்த சோதனைப் பிரதி ஒன்றைத் தனியே வைத்திருங்கள். தவறான ஸ்டாக் எண், இல்லாத மதிப்பை எடுத்தல் போன்றவற்றை அந்தப் பிரதி நடந்த இடத்திலேயே நிறுத்திக் காட்டும். சாதாரணப் பிரதி ஒன்றும் சொல்லாமல் போய், வேறெங்கோ விழும்.

மாங்குளத்துக்கு அப்பால் உள்ள ஆலை ஒன்றுக்குத் தொலைவிலிருந்து இணைந்து பார்க்க எப்போதும் இணைய வேகம் கிடைப்பதில்லை. ஆலையில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதிவுக் கோப்பே பெரும்பாலும் நமது ஒரே சாட்சி.

## அறிகுறி: கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகவில்லை

லுவாஎல்_நியூஸ்டேட் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னால், செய்தியில் அந்தப் பெயருக்குப் பின் அடைப்புக்குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், சி நூலகத்தைச் சி++ பெயர்முறையில் தேடுகிறது என்று பொருள். தலைப்புக் கோப்புகளை எக்ஸ்டெர்ன் சி என்ற பகுதிக்குள் அடையுங்கள், அல்லது லுவாவுடன் வரும் எச்பிபி தலைப்புக் கோப்பைச் சேருங்கள். அடைப்புக்குறிகள் இல்லையென்றால், லினக்ஸில் நூலகத்தின் பெயர் பொருள் கோப்புகளுக்குப் பிறகு எழுதப்பட்டுள்ளதா, கணித நூலகமும் டிஎல் நூலகமும் சேர்ந்துள்ளனவா என்று பாருங்கள்.

லுவாஎல்_ரெஜிஸ்டர், லோட்ஸ்ட்ரிங் போன்ற பெயர்களில் தடுக்கினால் பழைய 5.1 நிரலை 5.4 நூலகத்துடன் சேர்க்கிறீர்கள். லுவாஎல்_செட்ஃபங்ஸுக்கும் லோடுக்கும் மாற்றுங்கள். ஒரே கணினியில் 5.1 தலைப்புக் கோப்பும் 5.4 நூலகமும் இருப்பதைத் தவிருங்கள். இரண்டையும் ஒரே கோப்புறையில் இருந்து எடுப்பதே பாதுகாப்பு. இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவையில்லை.

## அறிகுறி: ஸ்கிரிப்ட் ஏற மறுக்கிறது

### எதிர்பாராத குறியீடு என்று ஓர் எண்ணுடன் செய்தி வருகிறது

5.3, 5.4 பதிப்புகளில் செய்தியின் முடிவில் கோணக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும் என்பதால் தமிழில் ஸ்கிரிப்ட் எழுதும் எவரும் இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

239 என்றால், நோட்பேட் கோப்பின் தலையில் மூன்று பைட் கொண்ட யுடிஎஃப்-8 அடையாளத்தை எழுதியிருக்கிறது. லுவாஎல்_லோட்ஃபைல் இதைத் தானே தாண்டிச் செல்லும். ஆனால் கோப்பை நீங்களே வாசித்து லுவாஎல்_லோட்பஃபர் வழியே கொடுத்தால் தாண்டாது. அந்த மூன்று பைட்டுகளையும் நீங்களே நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

224 என்றால், தமிழ் எழுத்து ஒன்று மேற்கோளுக்கு வெளியே நிற்கிறது. தமிழ் எழுத்துகள் யாவும் யுடிஎஃப்-8இல் 224 என்ற பைட்டுடன்தான் தொடங்கும். மாறியின் பெயராக "விலை" என்று எழுத லுவா அனுமதிக்காது. அட்டவணையின் சாவியாக மேற்கோளுக்குள் எழுதலாம். கருத்துரைக்கு முன் இரட்டைக் கோடு விடுபட்டிருந்தாலும் இதே எண் வரும்.

226 என்றால், வளைந்த மேற்கோள்குறி. விலைமாற்றத்தை வேர்ட் கோப்பிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி அனுப்பி, அதைப் படியெடுத்து ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக்குறியும் இதே எண்ணில் தொடங்கும் என்பதால், மேற்கோள் சரியாகத் தெரிந்தால் அந்த வரியை முழுதாக அழித்துக் கையால் தட்டச்சுங்கள். 194 என்றால் உடையா இடைவெளி. அதற்கும் இதுவே மருந்து.

### எண்ட் எதிர்பார்க்கப்பட்டது, கோப்பு முடிந்துவிட்டது என்ற செய்தி

எளிய காரணம், ஒரு பகுதியை மூடும் எண்ட் என்ற சொல் விடுபட்டது. ஆனால் நேற்று வரை ஓடிய, யாரும் தொடாத ஸ்கிரிப்ட் இப்படிச் சொன்னால் கோப்பின் அளவைப் பாருங்கள். புதிய விலையைச் சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டு, பாதி மட்டும் எழுதப்பட்டிருக்கும். இதற்குத் தாய் நிரல்தான் பொறுப்பு எடுக்கவேண்டும்: புதிய ஸ்கிரிப்ட்டை வேறு பெயரில் முழுதாக எழுதி, அதை ஏற்றி, தெரிந்த விடை உள்ள ஒரு மூடையின் கணக்கைச் செய்து பார்த்து, எல்லாம் சரியானால் மட்டும் பெயரை மாற்றவேண்டும். பழைய பிரதியையும் அழிக்கக்கூடாது. நிரல் தொடங்கும்போது புதியது ஏறாவிட்டால் பழையதை ஏற்றி, திரையில் பெரிய எழுத்தில் அதைச் சொல்லவேண்டும். பழைய விலையில் சத்தமில்லாமல் நெல் வாங்குவது, நின்றுபோவதை விடப் பெரிய தீங்கு.

### நம்மிடம் ஓடுகிறது, ஆலையில் துணைக் கோப்புக் கிடைக்கவில்லை

துணைக் கோப்பை ஏற்றும் ரெக்வயர் தேடும் பாதையில் தற்போதைய கோப்புறையும் அடங்கும். குறுக்குவழிச் சின்னத்தால் திறந்தால் அந்தக் கோப்புறை வேறாக இருக்கலாம். நிரல் தன் சொந்த இருப்பிடத்தைக் கண்டறிந்து, தொடக்கத்திலேயே பேக்கேஜ் அட்டவணையின் பாத் புலத்தை முழுப் பாதையாக எழுதிவிடட்டும். விண்டோஸில் எழுதி லினக்ஸுக்குக் கொண்டுபோனால், கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பாருங்கள்.

கிடைக்காதது சியில் எழுதிய துணை நூலகமாக இருந்து, லுவாவின் சின்னங்கள் தெரியவில்லை என்று லினக்ஸ் சொன்னால், தாய் நிரலை லிங்க் செய்யும்போது அதன் சின்னங்களை வெளியே காட்டும் தெரிவைச் சேருங்கள். துணை நூலகத்துக்குள் லுவாவின் இன்னொரு பிரதியைச் சேர்த்துச் சரிக்கட்டாதீர்கள். ஒரு செயல்முறைக்குள் இரண்டு லுவா இருந்தால் எந்த நேரத்திலும் விழும். விண்டோஸில் தாய் நிரலும் துணை நூலகமும் ஒரே டிஎல்எல்லையே பயன்படுத்தவேண்டும்.

## அறிகுறி: தொகை தவறு, அல்லது வடிவம் தவறு

பணம் சம்பந்தப்பட்ட அறிகுறி என்பதால் மற்றவற்றுக்கு முன் இதைப் பாருங்கள்.

மூடை எண்ணிக்கை 50 என்பதற்குப் பதிலாக 50.0 என்று அச்சானால், தாய் நிரல் லுவா_புஷ்இன்டிஜருக்குப் பதிலாக லுவா_புஷ்நம்பரைப் பயன்படுத்தியிருக்கிறது, அல்லது ஸ்கிரிப்ட் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்திருக்கிறது. 2015இல் வந்த 5.3இலிருந்து முழு எண்ணும் பின்ன எண்ணும் தனித்தனி வகைகள். ஒற்றைச் சாய்கோடு எப்போதும் பின்ன எண்ணையே தரும், இரட்டைச் சாய்கோடு முழு எண்களை முழு எண்ணாகவே வகுக்கும். 5.1 காலத்து ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தவர்கள் இதை முதல் நாளிலேயே சந்திப்பார்கள்.

தொகை பூச்சியம் என்று வந்தால் கவனம் தேவை. லுவா_டுநம்பர், எண்ணாக மாற்ற முடியாத எதையும் பிழை எதுவும் எழுப்பாமல் பூச்சியமாக்கித் தரும். ஸ்கிரிப்ட் நில் (மதிப்பின்மை) திருப்பினாலும், புலத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையிருந்தாலும், விவசாயியின் கையில் போகும் சீட்டில் பூச்சியம் அச்சாகும். அதற்குப் பதிலாக லுவா_டுநம்பர்எக்ஸ் பயன்படுத்தி, மாற்றம் வெற்றியா என்று அது சொல்லும் விடையைச் சோதியுங்கள். தோல்வியானால் சீட்டு அடிக்காமல் நிறுத்துங்கள்.

எடையும் தொகையும் இடம் மாறி அச்சானால், ஸ்டாக் எண் தலைகீழாக வாசிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கிரிப்ட் முதலில் எடையையும் பின்னர் தொகையையும் திருப்பினால், எதிர்ம எண்கள் ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எண்ணப்படுவதால் தொகை -1இலும் எடை -2இலும் இருக்கும். நடுவில் எதையாவது ஸ்டாக்கில் ஏற்றினால் இந்த எதிர்ம எண்கள் யாவும் ஒன்று நகரும். நீண்ட பகுதிகளில் லுவா_ஆப்ஸ்இன்டெக்ஸால் நிலையான எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அட்டவணையை லுவா_நெக்ஸ்ட்டால் சுற்றும்போது பாதியில் பிழை வந்தால், சாவியின் மேல் லுவா_டுஎல்ஸ்ட்ரிங் அழைத்திருக்கிறீர்கள். எண் சாவியை அது ஸ்டாக்கிலேயே சரமாக மாற்றிவிடும், அடுத்த சாவியைத் தேட முடியாமல் போகும். சாவியின் நகலை எடுத்து, நகலை மாற்றுங்கள்.

சில சதம் வித்தியாசம் மட்டும் வந்தால், தொகையைச் சதத்தில் முழு எண்ணாக வைத்திருந்து, அச்சிடும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். அதன் பிறகும் வித்தியாசம் இருந்தால் அது நிரலாளரின் வேலையன்று. எந்த இடத்தில் முழுமையாக்குவது என்று ஆலையின் கணக்காளர் எழுத்தில் தரவேண்டும்.

## அறிகுறி: பற்றுச்சீட்டில் தமிழ் உடைகிறது

லுவாவின் சர நூலகம் பைட்டுகளையே எண்ணுகிறது. "நாடு" என்பது அதற்கு 12 பைட், "சம்பா" 15, "ஆட்டக்காரி" 30. நெல்லினப் பெயரை 20 இடங்களுக்குள் வெட்டச் சொன்னால், "ஆட்டக்" வரையான 18 பைட்டுகளும், அடுத்த ககரத்தின் முதல் இரண்டு பைட்டுகளும் வரும். அந்த இரண்டுமே சீட்டின் நடுவில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரிகின்றன. 5.3இலிருந்து உள்ள யுடிஎஃப்8 நூலகத்தின் ஆஃப்செட் கொண்டு வெட்டினால் கட்டம் போய்விடும், ஆனால் பத்திகள் நேராகா. "சம்பா" அந்த நூலகத்துக்கு ஐந்து குறியீடுகள். கண்ணுக்கு மூன்று எழுத்துகள். தாளில் அதன் அகலமோ எழுத்துருவைப் பொறுத்தது.

இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு நெல்லினத்துக்குச் சரியானால் அடுத்ததற்குப் பிசகும். பத்தியமைப்பைத் தாய் நிரலிடம் விடுங்கள். எழுத்துருவைக் கொண்டு அகலத்தை அளக்கும் சார்பு ஒன்றைச் சி++இல் எழுதி ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுங்கள், அல்லது ஸ்கிரிப்ட் புலங்களை அட்டவணையாக மட்டும் திருப்ப, சீட்டு முழுவதையும் தாய் நிரல் படமாக வரைந்து அச்சுப்பொறிக்கு அனுப்பட்டும். தமிழ் எழுத்துகளைத் தாமாகச் சேர்த்து அமைக்காத சிறு வெப்ப அச்சுப்பொறிகளுக்கு வேறு வழியில்லை.

## அறிகுறி: நிரல் திடீரென மூடிக்கொள்கிறது

### பேனிக் என்ற சொல்லுடன் கடைசி வரி இருக்கிறது

பாதுகாப்பில்லாத அழைப்புக்குள் பிழை எழுந்தது. முதலில் லுவா_கால் என்று தேடி, தாய் நிரல் நேரடியாக அழைக்கும் இடங்களில் பிகாலுக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் வந்தால், லுவா_கெட்ஃபீல்ட் போன்ற சாதாரணமாகத் தோன்றும் சார்புகளைப் பாருங்கள்: மதிப்பு அட்டவணையாக இல்லாமல் நில்லாக இருந்தால் அவையும் பிழை எழுப்பும். லுவாஎல்_செக்நம்பரைத் தாய் நிரலிலிருந்து நேரடியாக அழைப்பதும் இதே வகை. நிலையான தீர்வு, ஒரு பற்றுச்சீட்டின் வேலை முழுவதையும் ஒரே சி சார்புக்குள் வைத்து, அந்தச் சார்பையே பிகால் வழியே ஓட்டுவது. அங்கங்கே ஒட்டுப்போடுவதை விட இதற்கு அரை நாள் அதிகமாகச் செலவிடலாம்; பயன் பெரிது.

### ஒரு செய்தியும் இல்லாமல் மூடுகிறது

மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள். லுவா_டுஸ்ட்ரிங் தந்த சுட்டியை, அந்த மதிப்பை ஸ்டாக்கிலிருந்து நீக்கிய பின் பயன்படுத்துகிறீர்களா? பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பு எப்போது ஓடுகிறதோ அப்போது விழும் என்பதால், காலையில் நன்றாகவும் நெரிசலான நேரத்தில் மோசமாகவும் தெரியும். நீக்கும் முன் நகலெடுங்கள். அடுத்து, சி சார்பு ஒன்றுக்கு உறுதியாகக் கிடைப்பது 20 ஸ்டாக் இடங்களே. சுழலுக்குள் ஏற்றிக்கொண்டே போனால் முன்கூட்டி லுவாஎல்_செக்ஸ்டாக் கேளுங்கள்.

மூன்றாவது, கால்பேக்கைப் பதிவு செய்யும்போது கிடைத்த, லுவா நிலையைச் சுட்டும் எல் சுட்டியைச் சேமித்து வைப்பது. அது ஒரு கோரூட்டினுடைய (இடையில் நிறுத்தித் தொடரக்கூடிய லுவா ஓட்டத்தின்) சுட்டியாக இருந்தால், அந்தக் கோரூட்டின் அழிந்த பின் சுட்டி செத்துவிடும். லுவாவின் உள் அட்டவணையான பதிவேட்டிலிருந்து முதன்மை இழையின் சுட்டியை எடுத்து, அதையே சேமியுங்கள்.

நான்காவதே நாங்கள் அதிகம் கண்டது. தராசு தொடர்துறை வழியே எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வாசிக்கத் தனி இழை ஒன்று ஓடும். அந்த இழையிலிருந்தே "எடை மாறியது" என்று லுவாவை அழைப்பார்கள். ஒரு லுவா நிலையை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. தராசு இழை எடையை வரிசை ஒன்றில் போடட்டும். முதன்மை இழை மட்டும் அதை எடுத்து லுவாவிடம் கொடுக்கட்டும். இதைச் சோதிப்பது எளிது: தராசின் கம்பியைக் கழற்றிவிட்டு எடைகளைக் கையால் தட்டச்சி ஓட்டுங்கள். அப்போது விழவில்லையென்றால் சந்தேகம் இழையின் மேல் உறுதியாக விழுகிறது.

இவை நான்கும் இல்லையென்றால், நினைவகத் தவறுகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசருடன் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். அதன் அறிக்கை உங்கள் நிரலின் கோப்பு ஒன்றைக் காட்டினால் நீங்களே திருத்தலாம். லுவாவின் உட்பகுதியை மட்டும் காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தைக் காட்டினால், சி மொழியில் பிழைதிருத்தியுடன் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: நிரல் உறைந்து நிற்கிறது

பணி மேலாளரில் சிபியு அளவைப் பாருங்கள். வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

சிபியு நிறைந்திருந்தால் ஸ்கிரிப்ட்டில் முடியாத சுழல் இருக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும்போது இடையிடையே நம் சார்பை அழைக்கும் லுவா_செட்ஹுக்கை எண்ணிக்கை முறையில் வைத்து, ஒவ்வோர் 1,00,000 கட்டளைக்கும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு வினாடிக்கு மேலானால் பிழை எழுப்புங்கள். எந்த வரியில் சுற்றுகிறது என்று ட்ரேஸ்பேக் சொல்லிவிடும். ஹுக் பிடிக்காத இடமும் உண்டு: சிக்கலான வடிவத் தேடல் ஒன்று சர நூலகத்துக்குள் சிக்கினால் அது சி நிரல் என்பதால் கட்டளை எண்ணிக்கை ஏறாது.

சிபியு ஓய்ந்திருந்தால் பூட்டு ஒன்று திறக்கப்படாமல் நிற்கிறது. லுவா நூலகம் சியாகக் கம்பைல் செய்யப்பட்டிருந்தால், பிழை எழும்போது அது லாங்ஜம்ப் மூலம் தாவும். இடையில் உள்ள சி++ பொருள்களின் அழிப்பிகள் ஓடா. நீங்கள் லாக்_கார்ட் கொண்டு பூட்டிய மியூட்டெக்ஸ் என்ற இழைப் பூட்டு பூட்டியபடியே இருக்கும், தொடர்துறை திறந்தபடியே இருக்கும். பதிவில் கடைசியாக ஒரு லுவாப் பிழை, அதன் பின் மௌனம் என்றிருந்தால் இதுதான். லுவாவிலிருந்து அழைக்கப்படும் சி++ சார்புகளில், உள்வட்டத்தில் வேலை முழுவதையும் முடித்து, பொருள்கள் யாவும் அழிந்த பின், வெளிவட்டத்தில் மட்டும் லுவாஎல்_எரர் அழையுங்கள். லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்வது இன்னொரு வழி. அப்போது பிழைகள் எக்ஸெப்ஷனாக வரும் என்பதால், எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் பகுதி ஏதாவது உங்கள் நிரலில் அவற்றை விழுங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பெரிய நிரலில் இந்த மாற்றத்தை அறுவடை நடுவில் செய்யாதீர்கள்.

## அறிகுறி: காலையில் வேகம், மாலையில் மந்தம்

மணிக்கு ஒருமுறை லுவா_ஜிசி தரும் கிலோபைட் எண்ணையும் செயல்முறையின் மொத்த நினைவக அளவையும் பதிவு செய்யுங்கள்.

இரண்டும் சேர்ந்து ஏறினால் கசிவு லுவாப் பக்கம். கெட்டாப் எண் சீட்டுக்குச் சீட்டு ஒன்று ஏறுகிறதா என்று பாருங்கள். பிகால் தோற்றபோது ஸ்டாக்கில் விடும் பிழைச் செய்தியை நீக்க மறப்பதே வழக்கமான காரணம். கெட்டாப் நிலையாக இருந்தால், மதிப்பைப் பதிவேட்டில் பிடித்துவைக்கும் லுவாஎல்_ரெஃப் தரும் எண்ணைப் பாருங்கள்: அது ஏறிக்கொண்டே போனால் அதை விடுவிக்கும் அன்ரெஃப் விடுபட்டிருக்கிறது. அதுவும் நிலையென்றால் ஸ்கிரிப்ட்டின் பொது அட்டவணை ஒன்றில் நாள் முழுவதும் சீட்டுகள் சேர்கின்றன.

லுவாவின் எண் நிலையாக இருந்து மொத்த நினைவகம் மட்டும் ஏறினால் கசிவு சி++ பக்கம். சி++ பொருளை லுவாவுக்குத் தரும் யூசர்டேட்டாவின் மெட்டா அட்டவணையில், அது அழியும்போது ஓடும் ஜிசி சார்பு இருக்கிறதா, உறைதலில் சொன்ன லாங்ஜம்ப் இங்கேயும் சரங்களை விட்டுச் செல்கிறதா என்று பாருங்கள். சீட்டுப் படம் போன்ற பெரிய நினைவகத்தைச் சிறிய யூசர்டேட்டா சுட்டினால், லுவாவுக்கு அதன் உண்மையான பருமன் தெரியாது. அச்சிட்டு முடிந்ததும் நீங்களே விடுவிக்கும் சார்பு ஒன்றைக் கொடுங்கள். நாளுக்கொருமுறை நிரலை மூடித் திறப்பது அறுவடை முடியும் வரை ஏற்கத்தக்க தற்காலிக வழி.

## நிபுணரை அழைக்கும்போது

வெளியாட்கள் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளை ஏற்றப் போகிறீர்கள் என்றால், பழுது வரும் முன்பே அழையுங்கள். ஓஎஸ், ஐஓ நூலகங்களைத் திறக்காமல் விடுவதும், முன்கூட்டிக் கம்பைல் செய்த பைட்கோடை மறுத்து உரை வடிவத்தை மட்டும் ஏற்பதும் நீங்களே செய்யக்கூடியவை. தீய பைட்கோடு இன்டர்பிரிட்டரையே விழுத்தும். அதற்கு மேற்பட்ட பாதுகாப்பு அனுபவம் கேட்கும் வேலை. இப்போது அதற்குக் கொழும்பைத்தான் நாடவேண்டும் என்றில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே படித்தவர்கள் இங்கேயே வேலை செய்கிறார்கள்.

அவர்களிடம் போகும்போது லுவாவின் சரியான பதிப்பு எண், அது சியாகவா சி++ ஆகவா கம்பைல் செய்யப்பட்டது என்ற விவரம், விழுந்த நாளின் முழுப் பதிவுக் கோப்பு, அன்று ஓடிய அதே ஸ்கிரிப்ட், லினக்ஸ் என்றால் விழுந்த கணத்தின் நினைவகப் பிரதியான கோர் கோப்பு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ஸ்கிரிப்ட்டைத் திருத்திய பின் அனுப்பாதீர்கள். பதிவில் உள்ள வரி எண்கள் அதனுடன் பொருந்தாமல் போகும்.